லொஜ்பானில் எதை விடலாம், எதை விடக்கூடாது: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

‘அம்மா நான் வருகிறேன் என்று சொன்னார்.’

இந்த வாக்கியத்தில் வரப்போவது யார்? அம்மா தன்னைப் பற்றியே ‘நான் வருகிறேன்’ என்றாரா, இல்லை, இதைச் சொல்கிற நான் வரப்போவதாக யாரிடமோ சொல்லிவைத்தாரா? எழுத்தில் மேற்கோள் குறி போட்டுச் சமாளிக்கலாம். பேச்சில் குரலும் சூழலும்தான் கைகொடுக்க வேண்டும். இதில் தமிழைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மக்கள் வாயில் வளர்ந்த எல்லா மொழிகளிலும் இப்படிப்பட்ட இடங்கள் உண்டு, நாம் தடுமாறாமல் கடந்து போகிறோம்.

லொஜ்பான் என்ற செயற்கை மொழி இந்த இடத்தில்தான் வேறு பாதையில் போகிறது. எழுதினாலும் பேசினாலும் ஒரு வாக்கியத்துக்கு ஒரே ஒரு கட்டமைப்புதான் இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. 1955-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் குக் பிரவுன் லொக்லான் என்ற செயற்கை மொழியை உருவாக்கத் தொடங்கினார். நாம் பேசும் மொழி நம் சிந்தனையை எவ்வளவு தூரம் வடிவமைக்கிறது என்று சோதித்துப் பார்ப்பது அவர் நோக்கம். அந்த முயற்சியிலிருந்து பிரிந்து, 1987-இல் லாஜிக்கல் லாங்குவேஜ் குரூப் என்ற குழு லொஜ்பானை எடுத்து வளர்த்தது. மாண்டரின், ஆங்கிலம், இந்தி, ஸ்பானிஷ், ரஷ்யன், அரபு ஆகிய ஆறு மொழிகளின் ஒலிகளைக் கலந்து 1,300-க்கு மேற்பட்ட வேர்ச்சொற்களைச் செய்தார்கள். ஒரு வாக்கியம் இலக்கணப்படி சரியா, அதன் கட்டமைப்பு என்ன என்று கணினியே சொல்லிவிடும் அளவுக்கு விதிகளை முறைப்படுத்தினார்கள்.

சிங்கப்பூரில் வளர்ந்த தமிழர்களுக்கு நாலு மொழி காதில் விழுவது புதிதில்லை. அதனால் லொஜ்பானின் சொற்களோ ஒலிகளோ உங்களை அவ்வளவாகத் திணறடிக்காது. திணறல் வேறிடத்தில் வரும். பாடத்தில் ஒரு சொல்லைக் கற்றுக்கொடுத்துவிட்டு, அடுத்த வரியிலேயே ‘இதை விட்டுவிடலாம்’ என்பார்கள். அதற்கடுத்த பாடத்தில் அதே சொல்லை விட்டால் அர்த்தமே மாறிவிடும். எப்போது விடலாம், எப்போது கூடாது? இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்விக்கு மட்டும்தான்.

முதலில் எழுத்தைப் பற்றி

லொஜ்பானை ரோமன் எழுத்தில் எழுதுவார்கள். ஆங்கிலத்தின் 26 எழுத்துகளில் ஹெச், கியூ, டபிள்யூ மூன்றும் இல்லை, மற்ற 23 உண்டு. இங்கே எல்லாவற்றையும் தமிழில் எழுதுகிறேன். நீங்கள் கணினியில் தட்டச்சு செய்யும்போது இப்படி மாற்றிக்கொள்ளுங்கள்: நான் ‘ஷ’ என்று எழுதும் ஒலிக்கு அங்கே ‘சி’ என்ற எழுத்து. இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் ‘ஹ’ ஒலிக்கு மேற்கமா. தொண்டையிலிருந்து உரசிவரும் ‘ஃக’ ஒலிக்கு ‘எக்ஸ்’. நெடில், குறில் என்ற பேதம் கிடையாது. ப, த, க போன்றவற்றில் அழுத்தமான ஒலியா மென்மையான ஒலியா என்பதைத் தமிழ் எழுத்து காட்டாது, அதனால் புதுச் சொல் வரும்போது அகராதியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சொற்பிரிப்பைப் பற்றி இந்த மொழியில் கவலை வேண்டாம். ‘தாமரை’ என்பதைப் பூவாகவும் கொள்ளலாம், தாவுகிற மரையாகவும் பிரிக்கலாம். நன்னூல் இத்தகைய சொற்களுக்குப் பொதுமொழி என்றே பெயர் வைத்திருக்கிறது. லொஜ்பானில் பொதுமொழிக்கு இடமே வைக்கவில்லை. வேர்ச்சொல் எல்லாம் ஐந்தெழுத்து, உயிரில் முடியும், நடுவிலோ முதலிலோ இரண்டு மெய்கள் ஒட்டி நிற்கும், கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம் விழும். இதை வைத்தே கேட்பவர் சொல்லைப் பிரித்துவிடலாம்.

‘விடலாம்’ என்பது இரண்டு வகை

இதுதான் அடித்தளம். இதைப் பிடித்துக்கொண்டால் மீதியெல்லாம் தானாக வரும்.

நம் இலக்கணத்தில் ‘தொக்கி நிற்றல்’ என்கிறோம். ‘பால் குடித்தான்’ என்றால் ‘ஐ’ தொக்கி நிற்கிறது. சொல்லில் இல்லை, பொருளில் இருக்கிறது. லொஜ்பானில் ஒரு வகைச் சொற்கள் இப்படித்தான் தொக்கி நிற்கும். அவற்றுக்கு முடிப்புச் சொற்கள் என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஒரு தொடரைத் திறக்க ஒரு சொல், மூட ஒரு சொல். திறக்கும் சொல்லை விடவே முடியாது. மூடும் சொல்லைப் பல இடங்களில் விடலாம். ஆனால் விட்டாலும் அது அங்கே இருப்பதாகத்தான் கணக்கு. கோப்பிக் கடையில் ‘கோப்பி’ என்று மட்டும் சொன்னால் கெட்டிப்பாலும் சீனியும் போட்ட சூடான கோப்பி வருகிற மாதிரி, சொல்லாமல் விட்டதற்கு முன்னமே ஒரு விடை நிர்ணயமாகி இருக்கிறது.

இரண்டாவது வகை வேறு. காலம், எண்ணிக்கை, யார், எங்கே போன்ற தகவல்கள். ‘லொ ம்லத்து ஷு ஷித்கா’ என்றால் பூனை சாப்பிடுவது. சாப்பிட்டதா, சாப்பிடுகிறதா, சாப்பிடுமா? சொல்லவில்லை. ஒரு பூனையா, பத்துப் பூனைகளா? அதையும் சொல்லவில்லை. எதைச் சாப்பிட்டது? தெரியாது. கடந்த காலம் என்று காட்ட ‘பு’, நிகழ்காலத்துக்கு ‘ஷ’, எதிர்காலத்துக்கு ‘ப’ என்று சொற்கள் உண்டு, வேண்டும் என்றால் போடலாம். மலாயும் மாண்டரினும் கேட்டு வளர்ந்த நமக்கு, வினையில் காலம் ஒட்டாத வாக்கியம் ஒன்றும் விசித்திரமாகத் தெரியாது.

இந்த இரண்டாம் வகையில் விட்டது விட்டதுதான். அங்கே நிர்ணயமான விடை ஏதும் இல்லை, கேட்பவர் சூழலை வைத்து ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். லொஜ்பானில் எல்லாமே துல்லியம் என்று நினைத்து வருபவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கு இது அந்த மொழியின் பெரிய பலமாகவே படுகிறது. தகவலை எவ்வளவு தெளிவாகச் சொல்வது என்பது பேசுபவர் விருப்பம். வாக்கியத்தின் எலும்புக்கூடு மட்டும் யாருடைய விருப்பத்துக்கும் வளையாது.

படி 1: ‘கு’வும் ‘ஷு’வும்

தொடங்கும்போது ‘லொ’ என்ற சொல்லைத்தான் முதலில் சந்திப்பீர்கள். ‘ம்லத்து’ என்பது பூனையாக இருப்பது, ‘லொ ம்லத்து’ என்றால் பூனை. ‘லொ’ திறக்கிறது, ‘கு’ மூடுகிறது. ‘லொ ம்லத்து கு ஷித்கா’: பூனை சாப்பிடுகிறது.

இப்போது ‘கு’வை விட்டுப் பாருங்கள். ‘லொ ம்லத்து ஷித்கா.’ இது வாக்கியமே இல்லை. ‘லொ’ இன்னும் மூடப்படாததால் ‘ஷித்கா’வும் உள்ளே இழுக்கப்பட்டுவிட்டது. இரண்டும் சேர்ந்து ‘பூனைத்தனமாகச் சாப்பிடுகிறவர்’ என்பது போன்ற ஒரு பெயராகிவிட்டன. அந்தப் பெயர் என்ன செய்தது என்பது இன்னும் வரவில்லை.

இங்கே ‘கு’வுக்குப் பதில் ‘ஷு’ போடலாம். ‘ஷு’ முடிப்புச் சொல் அல்ல, அது ‘இதோ, வாக்கியத்தின் வினை வரப்போகிறது’ என்ற அறிவிப்பு. வினை வரவேண்டுமானால் முன்னால் திறந்து கிடப்பதெல்லாம் மூடியிருக்க வேண்டும், ஆகவே எத்தனை திறந்திருந்தாலும் அத்தனையும் ஒரே அடியில் மூடிக்கொள்ளும். அதனால்தான் லொஜ்பான் பேசுபவர்கள் ‘கு’வை விட ‘ஷு’வை அதிகம் விரும்புகிறார்கள். தொடக்கத்தில் நீங்களும் அதையே பழகுங்கள்.

‘மி’ (நான்) போன்ற பிரதிப்பெயர் வந்தால் இரண்டுமே தேவையில்லை. ‘மி ஷித்கா’ போதும். ‘மி’யிடம் திறந்து கிடக்க எதுவும் இல்லையே. அதேபோல வினைக்கு முன் காலச்சொல் வந்தால் ‘ஷு’வை விடலாம்: ‘லொ ம்லத்து பு ஷித்கா’, பூனை சாப்பிட்டது. ‘பு’ என்பது ஒரு பெயருக்குள் அப்படி நுழைய முடியாது, அதனால் அதுவே எல்லையைக் காட்டிவிடுகிறது.

படி 2: ‘கெய்’ என்ற ஒரு சொல்லைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்

முழுக் கட்டுரையிலும் இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் பொறுமையாகப் படித்தாலே போதும் என்பேன்.

பூனை சாப்பிடுவதைப் பற்றிக் குழந்தைக்கு விளக்குகிறேன். லொஜ்பானில் ‘ஷிக்சி’ என்றால் விளக்குவது. அதற்கு இடங்கள் வரிசையாக உண்டு: விளக்குபவர் முதலில், விளக்கப்படும் விஷயம் இரண்டாவது, யாருக்கு என்பது மூன்றாவது. ‘லொ நு’ என்பது ஒரு நிகழ்வைத் திறக்கும் சொல், அதை மூடுவது ‘கெய்’. குழந்தை ‘வெர்பா’.

‘மி ஷிக்சி லொ நு லொ ம்லத்து ஷு ஷித்கா கெய் லொ வெர்பா.’

நான் விளக்குகிறேன், பூனை சாப்பிடுவதை, குழந்தைக்கு. சரி, இப்போது ‘கெய்’யை மட்டும் எடுத்துவிடுங்கள்.

‘மி ஷிக்சி லொ நு லொ ம்லத்து ஷு ஷித்கா லொ வெர்பா.’

இலக்கணப்படி இதுவும் குறையில்லாத வாக்கியம். பொருள்: பூனை குழந்தையைச் சாப்பிடுவதை நான் விளக்குகிறேன்.

என்ன நடந்தது? ‘ஷித்கா’வுக்கும் இடங்கள் உண்டு: சாப்பிடுவது யார் என்பது முதலாவது, எதை என்பது இரண்டாவது. முதல் வாக்கியத்தில் அந்த ‘எதை’ காலியாகவே இருந்தது. ‘கெய்’ வந்து கதவைச் சாத்தியதால் ‘லொ வெர்பா’ உள்ளே போக முடியாமல் வெளியே இருந்த ‘ஷிக்சி’யின் மூன்றாம் இடத்தில் போய் உட்கார்ந்தது. ‘கெய்’ இல்லாதபோது காலியிடம் பக்கத்திலேயே இருந்தது, குழந்தை அதில் விழுந்துவிட்டது.

இங்கேதான் புதியவர்கள் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் விதி வருகிறது. ‘குழப்பம் வராது என்றால் முடிப்புச் சொல்லை விடலாம்’ என்று பாடங்களில் இருக்கும். குழப்பம் என்றால் கேட்பவர் மனதில் வரும் குழப்பம் என்று எடுத்துக்கொள்கிறோம். பூனை குழந்தையைச் சாப்பிடாது என்பது எல்லாருக்கும் தெரியும், ஆகவே விட்டாலும் புரிந்துகொள்வார்கள் என்று தோன்றும். அந்த விதி மனதைப் பற்றியதே அல்ல, இலக்கணத்தைப் பற்றியது. அதை நான் இப்படிச் சொல்வேன்: திறந்த தொடர், அடுத்த சொல்லை உள்ளே சேர்த்துக்கொள்ள முடிகிற வரை திறந்தே இருக்கும். அடுத்த சொல் எந்த வகையிலும் உள்ளே பொருந்தாது என்ற இடத்தில் மட்டும் தானாக மூடிக்கொள்ளும். பொருள் நியாயமாக இருக்கிறதா என்பதை அது பார்ப்பதில்லை.

ஆகவே ஒரு முடிப்புச் சொல்லை விடலாமா என்று சந்தேகம் வந்தால் ஒரே கேள்வி கேளுங்கள்: அடுத்து வரும் சொல் உள்ளேயே பொருந்துமா? பொருந்தும் என்றால் விடாதீர்கள். பொருந்தாது என்றால் தாராளமாக விடுங்கள்.

மேலே உள்ள வாக்கியத்தை ஒன்று விடாமல் எழுதினால் இப்படி இருக்கும்: ‘மி ஷிக்சி லொ நு லொ ம்லத்து கு ஷித்கா வவ் கெய் கு லொ வெர்பா கு வவ்.’ இதில் ‘வவ்’ என்பது வினையின் இடங்கள் முடிந்தன என்று காட்டுவது. மொத்தம் ஆறு முடிப்புச் சொற்கள். கடைசியிலிருந்து பின்னோக்கிக் கேள்வியைக் கேட்டு வாருங்கள். கடைசி ‘வவ்’வும் ‘கு’வும்: பின்னால் எதுவும் இல்லை, விடலாம். ‘கெய்’க்குப் பின் வரும் ‘கு’: அடுத்த ‘லொ’ அந்தப் பெயருக்குள் பொருந்தாது, விடலாம். ‘கெய்’க்கு முன் ‘வவ்’: ‘கெய்’ வந்தாலே அது மூடிவிடும், விடலாம். பூனைக்குப் பின் வரும் ‘கு’: அந்த இடத்தில் ‘ஷு’ போட்டால் விடலாம். மிஞ்சுவது ‘கெய்’ ஒன்றுதான்.

‘கெய்’யையும் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. இடங்களின் வரிசையை மாற்றி, நீளமானதைக் கடைசியில் போடுங்கள். ‘மி ஷிக்சி ஃபி லொ வெர்பா ஃபெ லொ நு லொ ம்லத்து ஷு ஷித்கா.’ இங்கே ‘ஃபி’ மூன்றாம் இடம், ‘ஃபெ’ இரண்டாம் இடம் என்று காட்டுகிறது. நிகழ்வு கடைசியில் வந்துவிட்டதால் மூட வேண்டிய அவசியம் இல்லை. பேசும்போது இந்த வழிதான் நாக்குக்கு இலகுவாக இருக்கிறது.

படி 3: யாரைப் பார்த்தேன்?

‘நான் பார்த்த அக்காவின் தோழி.’ பார்த்தது அக்காவையா, தோழியையா? தமிழில் பெயரெச்சம் எதைத் தழுவுகிறது என்பதை இடத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

லொஜ்பானில் ‘பொய்’ என்ற சொல் இப்படிப்பட்ட அடைத்தொடரைத் திறக்கும். ‘பெந்தொ’ நண்பர், ‘மென்சி’ சகோதரி, ‘விஸ்கா’ பார்ப்பது. ‘லொ பெந்தொ பெ லொ மென்சி’ என்றால் சகோதரியின் தோழி. நடுவில் இருக்கும் ‘பெ’ நண்பரின் இரண்டாம் இடத்தை ஒட்டவைக்கிறது. இதை மூடும் சொல் ‘பெஹொ’.

‘லொ பெந்தொ பெ லொ மென்சி பொய் மி விஸ்கா கெஹா’ என்றால் நான் பார்ப்பது சகோதரியை. ‘பொய்’ தனக்குப் பக்கத்தில் திறந்திருக்கும் பெயரில் ஒட்டிக்கொள்கிறது. தோழியைப் பார்த்தேன் என்று சொல்ல, ‘லொ பெந்தொ பெ லொ மென்சி பெஹொ பொய் மி விஸ்கா கெஹா’.

கவனிக்க வேண்டிய இடம் ஒன்று. ‘பெஹொ’வுக்குப் பதில் ‘கு’ போட்டுச் சகோதரியை மூடினால் போதாதா? போதாது. ‘லொ மென்சி கு’ என்று மூடிய பிறகும் அதன் பின்னால் ‘பொய்’ வந்து அதே சகோதரியில் ஒட்ட இலக்கணம் அனுமதிக்கிறது. நம் கேள்வி இங்கேயும் அதேதான்: அடுத்த சொல் உள்ளே பொருந்துமா? பொருந்தும். எனவே சரியான கதவைத்தான் சாத்த வேண்டும், ஏதாவது ஒரு கதவை அல்ல.

அப்புறம் அந்த ‘கெஹா’. பார்க்கப்படுவது யார் என்பதை அது காட்டுகிறது. அதை விடலாம் என்று எல்லாப் பாடங்களிலும் இருக்கும். உண்மைதான், ஆனால் அது நான் சொன்ன இரண்டாம் வகை. விட்டால் முதல் காலியிடத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வது வழக்கம், கட்டாயம் அல்ல. பழகும் வரை போட்டே எழுதுங்கள்.

படி 4: சொற்கள் வரிசையாக அடுக்கி வரும்போது

பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் பக்கம் போய்வந்த ஒருவர் ‘அங்கே ஒரு புதிய புத்தகக் கடை இருக்கிறது’ என்கிறார். கடை புதிதா, புத்தகங்கள் புதிதா? நன்னூலே தொகைகள் இரண்டு முதல் ஏழு வரை பொருள் தரக்கூடும் என்று சொல்கிறது. நம் முன்னோர் இந்த மயக்கத்தை மூடி மறைக்காமல் எண்ணி வைத்துவிட்டுப் போனார்கள்.

லொஜ்பானில் ‘ஷ்நினொ’ புதியது, ‘ஷுக்தா’ புத்தகம், ‘ஸர்ஷி’ கடை. அடுக்கினால் இடப்பக்கமிருந்து இரண்டிரண்டாகச் சேரும். ‘ஷ்நினொ ஷுக்தா ஸர்ஷி’ என்றால் முதலில் ‘புதிய புத்தகம்’, பிறகு அதற்கான கடை. கடைதான் புதிது என்றால் ‘ஷ்நினொ ஷுக்தா பொ ஸர்ஷி’. இந்தப் ‘பொ’ தன் இரு பக்கமும் உள்ள சொற்களை முதலில் கட்டிவிடும். நீளமான அடுக்கு என்றால் ‘கெ’ திறந்து ‘கெஹெ’ மூடலாம். அடுக்கின் கடைசியில் வரும் ‘கெஹெ’யை விட்டுவிடலாம், காரணம் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

இங்கே ‘பொ’வும் ‘கெ’யும் விருப்பச் சொற்கள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். விட்டால் வாக்கியம் இலக்கணப்படி நிற்கும், ஆனால் வேறு வாக்கியமாக நிற்கும்.

ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். ‘புத்தகக் கடை’ என்றால் புத்தகம் விற்கும் கடையா, புத்தகங்களாலேயே கட்டிய கடையா என்பதை இந்த அடுக்கு சொல்லாது. எது எதோடு சேர்கிறது என்பது மட்டும் உறுதி. எந்த உறவில் சேர்கிறது என்பது திறந்தே இருக்கும்.

படி 5: பிறர் சொன்னது

முதலில் பார்த்த அம்மாவிடம் வருவோம். ‘மம்தா’ தாய், ‘ஷுஸ்கு’ சொல்வது, ‘க்லமா’ வருவது அல்லது போவது.

அம்மா தன் வாயால் ‘நான் வருகிறேன்’ என்றார்: ‘லொ மம்தா ஷு ஷுஸ்கு லு மி க்லமா லிஹு.’ நான் வருவதாக அம்மா சொன்னார்: ‘லொ மம்தா ஷு ஷுஸ்கு லொ செ துஹு மி க்லமா.’ முதலாவதில் ‘லு’ மேற்கோளைத் திறக்கிறது, ‘லிஹு’ மூடுகிறது, உள்ளே இருக்கும் ‘மி’ அம்மாவுடையது. இரண்டாவதில் ‘மி’ என்னுடையது.

‘லிஹு’ விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பானவன். பேச்சு முழுவதும் அத்தோடு முடிந்தால் ஒழிய அதை விடாதீர்கள். புதிய வாக்கியத்தைத் தொடங்கும் ‘இ’ என்ற சொல் வந்தால் திறந்து கிடப்பவை பெரும்பாலும் மூடிக்கொள்ளும். மேற்கோள் மூடாது. மேற்கோளுக்குள் எத்தனை வாக்கியமும் வரலாமே, ‘இ’ உள்ளேயே பொருந்திவிடும். ‘லிஹு’ இல்லாமல் நீங்கள் அடுத்தடுத்துப் பேசும் எல்லாமே அம்மா சொன்னதாகிவிடும்.

படி 6: எங்கே வேண்டுமானாலும் போடலாம் என்ற சொற்கள்

‘லா’ இல்லாமல் சிங்கப்பூர்ப் பேச்சு ஏது? தமிழில் பேசினாலும் ‘வாங்க லா’ வந்துவிடுகிறது. எடுத்துவிட்டால் வாக்கியத்தின் கட்டமைப்பு மாறாது, பேசுபவரின் மனநிலைதான் காணாமல் போகும். லொஜ்பானில் இதற்கென்றே ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது. ‘உய்’ மகிழ்ச்சி. ‘திஹெ’ கேள்விப்பட்டது, அதாவது நம் ‘ஆம்’. ‘திஹெ லொ மம்தா ஷு க்லமா’ என்றால் அம்மா வருகிறாராம்.

இந்தச் சொற்கள் முழுக்க முழுக்க உங்கள் விருப்பம். ஆனால் போடும் இடம் முக்கியம். வாக்கியத்தின் தொடக்கத்தில் வந்தால் முழு வாக்கியத்துக்கும், நடுவில் வந்தால் தனக்கு முன்னால் இருக்கும் சொல்லுக்கும் சேரும். ‘லொ ஷ்நினொ உய் ஷுக்தா’ என்றால் புதிது என்பதில் மகிழ்ச்சி. முடிப்புச் சொல்லுக்குப் பின் வந்தால், அந்தச் சொல் எதை மூடியதோ அது முழுவதற்கும் சேரும். ‘லொ ஷ்நினொ ஷுக்தா கு உய்’ என்றால் அந்தப் புதிய புத்தகத்தின் மீதே மகிழ்ச்சி. பல இடங்களில் விடத் தகுந்த ‘கு’வை இங்கே வேண்டுமென்றே போடுகிறோம். உணர்ச்சி உட்கார ஓர் இருக்கை வேண்டியிருக்கிறது.

பழகும் முறை

தொடக்கத்தில் எல்லா முடிப்புச் சொற்களையும் போட்டு எழுதுங்கள். அவலட்சணமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. எழுதி முடித்ததும் கடைசியிலிருந்து பின்னோக்கி, ‘அடுத்த சொல் உள்ளே பொருந்துமா’ என்று கேட்டபடி ஒவ்வொன்றாக அடியுங்கள். முதலிலிருந்தே விட்டுவிட்டு எழுதுவதை விட இது பல மடங்கு நல்லது. எது எங்கே தொக்கி நிற்கிறது என்று தெரிந்து விடுவதும், தெரியாமலே விடுவதும் ஒன்றல்ல.

விடையைச் சரிபார்க்க ஷம்ஃகெஸ் என்ற இலக்கணச் சோதனை நிரல் இருக்கிறது. உலாவியிலேயே ஓடும் வடிவத்துக்கு இல்மென்துஃபா என்று பெயர். வாக்கியத்தைத் தட்டினால் எது எதோடு சேர்ந்திருக்கிறது என்று பிரித்துக் காட்டும். பூனையும் குழந்தையும் வரும் இரண்டு வாக்கியங்களையும் அதில் போட்டு, ‘லொ வெர்பா’ எந்த அடைப்புக்குள் விழுகிறது என்று பாருங்கள். நிரல் பிழை காட்டவில்லை என்பதற்காக நினைத்ததைச் சொல்லிவிட்டதாக எண்ண வேண்டாம். குழந்தையைப் பூனைக்குக் கொடுத்த வாக்கியத்திலும் அது பிழை காட்டாது. அடைப்புகளைப் படிக்கப் பழகுவதுதான் பயிற்சி. முழு விதிகளும் வேண்டும் என்றால் 1997-இல் வெளியான ஜான் கோவனின் இலக்கண நூல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, ஆனால் அதை முதல் பாடமாக எடுக்காதீர்கள்.

கூட ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது. விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் ஒரு மேசை பிடித்து உட்காருங்கள். ஒருவர் இரண்டு பொருள் தரும் தமிழ்த் தொடர் ஒன்றை எழுதட்டும், மற்றவர் இரண்டு பொருளுக்கும் இரண்டு லொஜ்பான் வாக்கியம் எழுதட்டும். பிறகு அதில் எந்த ஒரு சொல் அந்த இரண்டையும் பிரிக்கிறது என்று வட்டம் போடுங்கள். தொடருக்குப் பஞ்சமே வராது. மின்தூக்கியில் ஒட்டியிருக்கும் அறிவிப்பு, செய்தித்தாளின் தலைப்பு, வீட்டு வாட்ஸ்அப் குழுவில் வரும் செய்தி எதுவானாலும் சரி. ‘நேற்று வந்த தங்கையின் தோழியோடு அப்பா பேசினார்’ என்பதிலிருந்து தொடங்கலாம். அதில் பெயரெச்சத்தை எங்கே மூட வேண்டும் என்று கண்டுபிடித்துவிட்டால் ‘குஹொ’ என்ற முடிப்புச் சொல்லுக்கு வந்துவிட்டீர்கள். ‘பொய்’யை மூடுவது அதுதான்.